பந்தியை நிறுத்தி வைத்தவன்

இந்த மோல்மேன் ஊருக்கு வந்து வருஷங்கள் போய்விட்டன. மழை பழகிவிட்டது, படகு பழகிவிட்டது, பர்மியப் பேச்சுகூட அரைகுறையாக வாயில் ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு காட்சி மட்டும் இன்னும் எனக்கு விநோதமாகவே இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஊ சானும் அவர் மனைவி டோ மியாவும் சோறு தின்பதுதான் அது. இருவருக்கும் என் வயதுதான் இருக்கும். ஒரு குட்டை மேசை, அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேர், நடுவே சோறும் குழம்பும் கொஞ்சம் கீரையும் ஙாப்பி என்கிற மீன் விழுதும். சோற்றில் கை வைக்கும் முன்பு சற்று நேரம் இருவரும் சும்மா இருப்பார்கள். அப்புறம் தின்பார்கள். பேச்சுக் கிடையாது. வாயில் இருப்பது உள்ளே இறங்கிய பிறகுதான் கை மறுபடி தட்டுக்குப் போகும். வாசலில் யாராவது வந்து கூப்பிட்டால், வந்த ஆள் முற்றத்தில் உட்கார்ந்து கொள்வார். அவருக்கும் அவசரம் இருக்காது.

மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பேர், எல்லாரும் காரைக்குடிச் சீமைக்காரர்கள். நான் நெல் ஆலையில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி, மற்றவர்களும் அதே ஆலைதான். மத்தியானச் சங்குக்கும் அடுத்த சங்குக்கும் நடுவே ஓடி வந்து தின்றுவிட்டு ஓட வேண்டும். அதனால் ஆளுக்கு ஒரு பாத்திரத்தில் சோற்றைக் கொட்டி, அதன் தலையில் குழம்பைக் கொட்டி, உள்ளங்கையால் பிசைந்து உள்ளே தள்ளுவோம். மெல்லுவது என்பதெல்லாம் பல் இல்லாதவர்கள் கவலை என்று எங்களில் ஒருவன் சொல்வான். சரி, பகலில் சங்கு ஊதுகிறது. ராத்திரி எந்தச் சங்கும் இல்லை, ஆனாலும் அதே வேகம்தான். ஙாப்பி நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பர்மியர்களைப் பற்றி ஏளனம் பேசிய வாய்கள்தான் அப்படித் தின்றன. என் வாயும் அதில் ஒன்று.

ஒரு பண்டிகையன்று ஊ சான் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர்கள் இரண்டாவது கவளம் எடுப்பதற்குள் நான் தட்டைக் காலி செய்துவிட்டேன். டோ மியா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி சோறு வைத்தாள். நல்ல விருந்தாளி மிச்சம் வைக்கக்கூடாதல்லவா, அதையும் முடித்தேன். அவள் கண் கலங்கிப் போனது. மறுநாள் சாயங்காலம் ஒரு மூடி போட்ட கிண்ணத்தில் சோறும் மீனும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. எதற்கு என்று கேட்டேன். "உங்கள் ஊரில் பஞ்சமா?" என்று கேட்டாள். பஞ்சமெல்லாம் இல்லை, நேரந்தான் இல்லை என்று எனக்குத் தெரிந்த பர்மியத்தில் சொன்னேன். அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். ஆலை மூடி வெகு நேரமாகியிருந்தது. பாவம், வெட்கப்பட்டுப் பொய் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

பிச்சைக்காரன் என்ற பெயரைத் துடைக்கத்தான் மெதுவாகத் தின்ன ஆரம்பித்தேன். ஞானமும் இல்லை, வைராக்கியமும் இல்லை, வெறும் மானப் பிரச்சினை. தட்டி வழியாக அவளுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, கவளத்தைச் சின்னதாக உருட்டி, மென்று, விழுங்கிவிட்டு அடுத்ததை எடுத்தேன். கொஞ்ச நாளில் கிண்ணம் வருவது நின்றது. ஆனால் எனக்குப் பழக்கம் நிற்கவில்லை. சோற்றுக்கென்று ஒரு ருசி உண்டு என்பதை அந்த வயதில்தான் கண்டுபிடித்தேன். அதோடு நின்றிருந்தால் நல்லது. நான் நிதானமான பிறகு என்னைச் சுற்றித் தின்கிறவர்கள் என் கண்ணில் பட ஆரம்பித்தார்கள். உறிஞ்சுகிற சத்தம், விழுங்க முடியாமல் விழிக்கிற விழி, வாயில் சோற்றோடு பேசும்போது எதிரே இருப்பவன் பாத்திரத்தில் தெறிக்கிற பருக்கை. சீ! குமட்டிக்கொண்டு வரும். ஐந்து பேரும் என்னை ‘பர்மியச் சாமியார்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

இந்த அருவருப்பை மூட்டை கட்டிக்கொண்டுதான் போன விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். நாச்சியாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். வந்த வாரமே காரைக்குடி செக்காலைப் பகுதியில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். ஊரெல்லாம் எதற்கென்று தெரியாமலே பரபரத்துக் கிடந்தது. கானாடுகாத்தானில் எழும்புகிற பெரிய வீடுகளுக்குக் கல்லும் மரமும் ஏற்றிப் போன வண்டிகள் ஒரு பக்கம், புதிதாக வந்த ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ஒரு பக்கம். அந்தப் பரபரப்பெல்லாம் சேர்ந்து வந்து விழுந்த இடம் கல்யாணப் பந்தி. உட்காரும் முன்பே இலை விழுந்தது, தண்ணீர் தெளிக்கும் முன்பே சோறு விழுந்தது. சாம்பார் பாதி இலையில் இருக்க அதன் மேலேயே ரசம், ஓடுகிற ரசத்தை முழங்கை வைத்து அணை கட்டுகிறார் பக்கத்து ஆள். பரிமாறுகிறவன் நெற்றி வேர்வை பாயசத்தில் சொட்டுகிறது. அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் முழங்கால் இடிக்க நின்றுகொண்டு, நாம் விழுங்குவதை மூச்சு விட்டு எண்ணுகிறார்கள். மனிதர்கள் கூடிச் சாப்பிடுகிற இடம் என்று அதைச் சொல்ல எனக்கு நாக் கூசியது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பந்தியில் கடைசி ஆள் தின்று முடிக்கும் வரை யாரும் எழக்கூடாது. எழுந்தால் தின்கிறவனை அவமதித்ததாகும். அன்றைக்கு அந்தக் கடைசி ஆள் நான். என்னால் வேகமாகத் தின்ன முடியவில்லை, தொண்டை ஒத்துக்கொள்ளவில்லை. வரிசை முழுக்கக் கை காய்ந்து உட்கார்ந்திருந்தது, பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். எதிர்வரிசையில் இருந்தார் கருப்பையா, என் மனைவி வெள்ளையம்மாவின் அண்ணன். அவர் சத்தமாகச் சொன்னார்: "மாப்பிள்ளைக்கு நம்ம பக்கத்துச் சோறு எறங்கல. அங்குட்டு ஊட்டி விட ஆள் இருக்கு போலருக்கு!" பந்தியே சிரித்தது. தண்ணீர்ச் செம்போடு வரிசைக் கடைசியில் நின்ற வெள்ளையம்மா மட்டும் சிரிக்கவில்லை.

கடல் தாண்டிப் போனவர்களே, இந்தக் கேலியின் எடை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பர்மாவில் ஒருத்தியை வைத்துக்கொண்டு ஊரில் ஒருத்தியைக் காக்க வைத்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அதனால் ஊரிலிருக்கும் பெண்கள் திரும்பி வந்தவன் நடையை, உடையை, தூக்கத்தை எல்லாம் உற்றுப் பார்ப்பார்கள். வெள்ளையம்மா நான் தின்பதைப் பார்த்தாள். கம்பும் கேப்பையும் கிண்டுகிற வீட்டில் எனக்கென்று நெல்லுச்சோறு ஆக்கி வைத்துவிட்டு, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "உப்புக் கொறச்சலா?" என்பாள். நல்லாத்தான் இருக்கு என்பேன். "பெறகு ஏன் எண்ணி எண்ணித் திங்கிறீக?" என்பாள். எனக்கு ஒருத்தியும் இல்லை. ஆனால் இல்லாத ஒருத்தி ஒவ்வொரு கவளத்துக்கும் எங்கள் நடுவே வந்து உட்கார்ந்தாள்.

ஒரு நாள் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனேன். நான் தின்ற வட்டிலிலேயே வெள்ளையம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சம்மணம் போட்டு உட்காரவில்லை, எந்த நேரமும் எழுந்து ஓடுகிறவளாகக் குத்துக்காலிட்டிருந்தாள். ஒரு கையால் கோழியை விரட்டிக்கொண்டே மறு கையால் பெரிய பெரிய உருண்டையாக வாய்க்குள் அடைத்தாள். மெல்லவே இல்லை, தண்ணீரை ஊற்றிக் கீழே தள்ளினாள். மோல்மேனில் என் கூட்டாளிகளிடம் பார்த்த அதே விழி. என்னை அறியாமல் "சீ" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த உருண்டையை வட்டிலில் திரும்பப் போட்டாள். கையைக் கழுவிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்தவளிடம் போய், சமாதானம் என்று நினைத்துக்கொண்டு, "மெதுவாத் தின்னு, யாரும் பிடுங்கிட்டுப் போகப்போறதில்ல" என்றேன். அவள் வைக்கோலைக் கீழே போட்டாள்.

"நீங்க தின்டு எந்திரிக்கயில பொழுது உச்சிக்கு வந்துருது. அதுக்குப் பெறகுதேன் நாந் திங்கணும். மாட்டைப் பத்தணும். ஊருணியில கூட்டம் சேருறதுக்குள்ள தண்ணி எடுக்கணும். நானும் ஒங்க கணக்கா ஒக்காந்து மென்டுக்கிட்டு இருந்தா, தண்ணிய அவளா வந்து எடுப்பா?"

"எவ?"

"எனக்கென்ன தெரியும்? என்னையப் பாத்து அருவருக்க ஒங்களுக்குப் பழக்கி விட்டவ."

அப்படி யாரும் இல்லை, வீட்டுக்காரர் மனைவி டோ மியா என்று ஒருத்தி, அவள் கொஞ்ச நாள் சோறு கொடுத்தாள் என்று ஆரம்பித்தேன். "பேரு வேற சொல்றீகளா" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். இதைவிட மோசமாக ஒருவன் தன் கட்சியைச் சொல்ல முடியாது.

அன்றைக்குத்தான் என் அருவருப்பு என் பக்கம் திரும்பியது. நான் மென்று ருசித்த ஒவ்வொரு கவளத்துக்கும் ஒருத்தி நிலையைப் பிடித்துக்கொண்டு பசியோடு நின்றிருக்கிறாள். மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், அதில் இருந்த நிதானத்தை மட்டும் களவாடிக்கொண்டு வந்தேன். காலையில் ஊ சான் தோளில் தண்டு வைத்து இரண்டு தகரத்தில் தண்ணீர் சுமந்து வருவதையும் தினமும் பார்த்தவன்தான் நான். அதையும் அவர்கள் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்க்க என் புத்திக்கு எட்டவில்லை. ஊரான் தின்பதைப் பார்த்து மூக்கைச் சுளித்த பெரிய மனிதனின் லட்சணம் இது.

கப்பலுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் வெள்ளையம்மா சோறு வைத்தாள். நான் பழைய மாதிரியே பிசைந்து அள்ளி அடைத்தேன். தொண்டையில் குத்தியது, கண்ணில் நீர் வந்தது. அவள் திகைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து, கையைக் கழுவி, குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு ஊருணிக்கு நடந்தேன். படித்துறையில் இருந்த பெண்கள் ஒதுங்கி நின்று சிரித்தார்கள். "பர்மாவுல பொம்பள வேலையும் பழக்கி விட்டுருக்காக" என்றாள் ஒருத்தி. நான் திரும்பி வந்தபோது வாசலிலிருந்தே அடுப்படி தெரிந்தது. வெள்ளையம்மா சுவரில் முதுகைச் சாய்த்து, காலை மடக்கி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். கவளம் சின்னதாக இருந்தது. மென்றாள். கொஞ்ச நேரம் வட்டிலைப் பார்த்தபடி சும்மா இருந்தாள், அப்புறம் அடுத்த கவளத்தை எடுத்தாள். அவள் முகத்தை அப்படி ஆறுதலாக நான் பார்த்ததே இல்லை. தோளில் நீர் வழிய, உள்ளே போகாமல் முற்றத்திலேயே நின்றேன்.

முடித்துவிட்டு வந்து குடத்தை வாங்கிக்கொண்டாள். "அவளுக்கும் இப்படித்தேன் எடுத்துக் குடுப்பீகளா?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். அவள் குடத்தைக் கொண்டுபோய் அடுப்படியில் இறக்கி வைத்தாள். மறுநாள் காரைக்குடியில் ரயில் ஏறினேன்.

இதை மோல்மேனில் உட்கார்ந்து எழுதுகிறேன். தட்டிக்கு அந்தப் பக்கம் இருவரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். என் சோறும் முன்னால் இருக்கிறது, அவசரமில்லை, மெதுவாகவே தின்னலாம். வெள்ளையம்மாவுக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் மழையைக் கேட்கிறேன், மாட்டைக் கேட்கிறேன், எப்படிச் சாப்பிடுகிறாய் என்று மட்டும் கேட்பதில்லை. அங்கே குடத்தை யார் தூக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.