அப்பா சாண்ட்விச் செய்யக் கற்றுக்கொண்டது

அம்மா எங்கள் மலைப்பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு விடுதியின் சமையலறையில் வேலை செய்தாள். தேயிலைத் தோட்டம் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு சாண்ட்விச் செய்வதுதான் அவளுக்குப் பெரிய வேலை. எனவே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எங்கள் வீட்டிலிருந்து மட்டும் பள்ளிக்கு சாண்ட்விச் போகும். உள்ளே வெறும் டின் சார்டின் மீன்தான். ஆனால் ஓய்வு நேரத்தில் வேறு எதையும் நான் வாயில் வைக்கமாட்டேன்.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது அம்மா வேலையை விட்டாள். வயிற்றில் கட்டி என்றார்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சில நாள் தங்கித் திரும்பி வந்தாள். கட்டியை எடுத்துவிட்டார்களா என்று கேட்டேன்.

"எடுக்க வேணாம்னுட்டாங்க," என்றாள்.

எடுக்க வேண்டாம் என்றால் நல்ல செய்திதானே. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த வாரமே அப்பாவுக்குப் பாடம் தொடங்கியது. அப்பா மலைச்சரிவில் தேயிலை வெட்டும் இயந்திரம் பிடிப்பவர். சாயங்காலம் வீடு வந்த பிறகும் அதன் அதிர்வு கைகளில் மிச்சமிருக்கும். அந்தக் கைகளால் மார்ஜரின் தடவினால் ரொட்டி கிழிந்தது. அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு குசினி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

"புது ரொட்டி கிழியத்தான் செய்யும். நேத்து ரொட்டிய எடுங்க. ஓரம் வரைக்கும் தடவணும், விட்ட எடத்துல கொழம்பு ஏறி ஊறிப்போயிடும்."

சார்டினின் நடுமுள்ளை எடுக்க வேண்டும். டின்னில் அதோடு வரும் தக்காளிக் குழம்பை வடிக்க வேண்டும். வெங்காயத்தை மெலிதாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசைந்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். எலுமிச்சை கடைசியில்தான். மூடிய ரொட்டிமேல் ஒரு தட்டைக் கவிழ்த்துக் கொஞ்ச நேரம் விட்டால்தான் வெட்டும்போது சிதறாது. இவ்வளவு இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அம்மா எதையும் தொடவில்லை. டின் மூடி அப்பாவின் விரலைக் கிழித்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை.

"நீயே ஒரு வாட்டி செஞ்சு காட்டேன்லா," என்றார் அப்பா.

"நான் காட்டுனா நீங்க பாத்துக்கிட்டு நிப்பீங்க. கட்டு போட்டுட்டு வந்து செய்யுங்க."

அம்மா இவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. ஏதோ சண்டை, அதற்காகத்தான் அப்பாவை வேலை வாங்குகிறாள் என்று முடிவு செய்தேன். அப்பாவுக்காகப் பரிதாபப்பட்டு, பள்ளியில் அந்த ஊறிப்போன ரொட்டிகளை மிச்சம் வைக்காமல் தின்றேன். அம்மா தினமும் டப்பாவைத் திறந்து பார்ப்பாள். காலியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்தே தூறல். அப்பா செய்து முடித்து வெட்டினார். எதுவும் பிதுங்கவில்லை. அப்போதெல்லாம் கஞ்சியைத் தவிர எதையும் சாப்பிடாத அம்மா கையை நீட்டி ஒரு துண்டு கேட்டாள். மூலையைக் கடித்து வெகுநேரம் மென்றாள். விழுங்கக் கஷ்டப்பட்டது தெரிந்தது.

"நல்லாருக்கு," என்றாள். "இனிமே நான் பாக்க வேணாம்."

அப்பா கத்தியை வைத்துவிட்டு வெளியே போனார். மழைக்கு ஒதுங்காமல் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தினமும் திட்டு வாங்கிய மனிதருக்கு ஒருவழியாக விடுதலை கிடைத்த சந்தோஷம் என்று நினைத்தேன். எனக்கும் சந்தோஷம்தான். சண்டை தீர்ந்துவிட்டது, அம்மா இனி பழையபடி குசினிக்கு வந்துவிடுவாள்.

"அப்ப நாளைக்கு நீதானே செய்வ?" என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த மிச்சத் துண்டை என்னிடம் நீட்டினாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவள் இல்லாமல் போகப்போகிறாள் என்று அறியாமல், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அதை முழுவதும் தின்று முடித்தேன்.