பதினான்காம் அறையில் பார்த்த ஜப்பான் படம்

1

ஆரணியின் தாய் டாப்லெட்டின் சார்ஜரைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போன காலையில்தான் அந்தப் பிள்ளை என்னோடு முதன்முதலாகக் கதைத்தது.

ஆஸ்திரேலியாவில், பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடம் க்ளீனராக வேலை செய்தேன். கடைசி நான்கு வருடம் பதின்ம வயதுப் பிள்ளைகளின் வார்ட். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷ் போர்டுகளை அடையாளம் தெரியும், வாசிக்க வராது. ஆனால் நான் துடைத்த தரையில் ஒருவரும் வழுக்கி விழுந்ததில்லை. இப்போது அந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஆரணிக்குப் பதினாறு வயது. இரத்தப் புற்றுநோய். இனி மருந்து கேட்காது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். அவள் பார்க்க ஆசைப்பட்டது ஒரு ஜப்பான் படம். பள்ளிக்கூடத்துப் பெட்டை ஒருத்தி, அவளை விரும்பும் பெடியன் ஒருவன், அவளுக்கு மாறாத நோய்.

"சாவுப் படம் பாக்காதை எண்டு அம்மா பேசுறா. நேர்ஸோட பாத்தா அவ அழுறா," என்றாள். "அன்ரி, நீங்கள் அழுவீங்களோ?"

"வேலை நேரத்தில நான் அழுறேல்ல."

"குட். அப்ப என்னோட இருந்து பாருங்கோ. முடிவைத் தனியாப் பாக்கப் பயமாக் கிடக்கு."

பின்னேரம் தாய் வந்தபோது கேட்டுப் பார்த்தேன். அவர் கைப்பையிலிருந்து சார்ஜரை எடுத்து என் கையில் தந்தார். "நீங்கள் பாருங்கோ அக்கா. என்னால ஏலாது," என்றார்.

2

ஓர் அறைக்குப் பதினைந்து நிமிடம்தான். நோயாளியின் கதிரையில் உட்காரக் கூடாது. அதனால் மொப்பைப் பிடித்துக்கொண்டே, நாளுக்குப் பதினைந்து நிமிடமாகப் பார்த்தோம். நான் வெளியே போனதும் ஆரணி படத்தை நிறுத்திவிடுவாள். அடுத்த நாள் நான் வரும்வரை தொடமாட்டாள். கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தை அவளே தன் தமிழில் எனக்குச் சொல்லுவாள்.

ஜப்பானில் வகுப்பறையைப் பிள்ளைகளேதான் துடைக்க வேண்டுமாம். அந்தப் பெடியன் துணியைப் பிழிந்ததைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை.

"தண்ணி ஒழுகுது. ஆரோ விழப்போகினம்."

"அவன் அவளைப் பாத்துக்கொண்டெல்லோ பிழியிறான் அன்ரி. ரொமான்ஸ்."

"ரொமான்ஸ் எண்டாலும் வெட் ஃப்ளோர் போர்ட் வைக்க வேணும்."

சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

கடைசியில் வெளிநாட்டு டொக்டர் ஒருவர் வந்து காப்பாற்றுவார் என்று நான் சொன்னேன். "நோ அன்ரி, அது உங்கட தமிழ்ப் படம்," என்றாள்.

எட்டாம் நாள், படத்தில் கடைசிப் பதினைந்து நிமிடம் மிச்சம் இருக்கையில், சூப்பர்வைசர் செல்வி வந்தாள். மதுரைப் பிள்ளை.

"ஆன்ட்டி, நாளைலேர்ந்து உங்களுக்கு மேல் மாடி. ட்யூட்டி ரோஸ்டர் வந்திருச்சு."

பத்தொன்பது வருடத்தில் நான் யாரிடமும் சலுகை கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"ஒரு நாள் தா பிள்ளை. பதினாலாம் ரூமில வேலை மிச்சம்."

"என்ன வேலை?"

"ஒரு படம் முடியேல்ல."

செல்வி கையிலிருந்த வேலை ஷீட்டைப் பார்த்தாள். "ஷீட்ல இதை என்னன்னு எழுதுறது ஆன்ட்டி?"

"ஜன்னல் துடைச்சது எண்டு எழுது."

"சரி. அப்ப ஜன்னலையும் தொடச்சிடுங்க. பொய்யாகிடக் கூடாது."

3

மறுநாள் ஆரணிக்கு நோவு மருந்தைக் கூட்டியிருந்தார்கள். கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை.

"வாசிக்க ஏலாது. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. பொய் சொல்லக் கூடாது."

படம் ஓடியது. ஒரு வீடு. சுவரோடு ஒரு சின்ன அலுமாரி. அதற்குள் அந்தப் பெட்டை சிரிக்கும் ஃபோட்டோ, முன்னால் ஊதுபத்தி. அதை விளங்கிக்கொள்ள எங்கள் ஆட்களுக்கு எழுத்துத் தேவையில்லை.

இரண்டு பேரும் கடற்கரையில் நடக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிய வந்திராது. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் அப்படியான ஆறுதல் பொய்யைத்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அவள் போயிட்டாள் பிள்ளை. ஃபோட்டோ வைச்சு ஊதுபத்தி கொளுத்தியிருக்கினம்."

ஆரணி கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "அவன்?"

"பள்ளிக்கூடத்தில நிக்கிறான். அவளின்ர மேசையைத் துடைக்கிறான்."

"எப்பிடித் துடைக்கிறான்?"

நன்றாகக் கவனித்துச் சொன்னேன். "இந்த முறை ஒழுங்காப் பிழிஞ்சிருக்கிறான். மேலயிருந்து கீழ வாறான். நாலு காலும் துடைச்சிட்டான். இப்ப அடிப்பக்கம். ஒரு இடமும் விடேல்ல."

"அழுறானா?"

"இல்லை. வேலை செய்யிறான்."

அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. பிறகு, "நான் போனாப் பிறகு இந்த ரூமை ஆர் க்ளீன் பண்ணுவினம்? தெரியாத ஆக்கள் வேண்டாம்," என்றாள்.

ரோஸ்டரில் வேறொருத்தியின் பெயர் இருந்தது எனக்குத் தெரியும்.

"நான்தான்," என்றேன்.

"ஷுவர்?"

"நான்தான் பிள்ளை."

எழும்பும்போதுதான் பார்த்தேன், அவ்வளவு நேரமும் கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு ஜன்னலைத் துடைத்தேன்.

4

அதற்குப் பிறகு ஐந்தாம் நாள் செல்வி மேல் மாடிக்கு வந்தாள். "ஆன்ட்டி, பதினாலு," என்று மட்டும் சொன்னாள். நான் கேட்காமலே ரோஸ்டரில் அந்த அறைக்கு என் பெயராக மாற்றியிருந்தாள்.

வாசலில் ஆரணியின் தாய், மகளின் சாமான் பையோடு நின்றார். நான் வெறுமையாகிவிட்ட கட்டிலின் கம்பியில் தொடங்கினேன்.

"அக்கா, அந்தப் படத்தைக் கடைசிமட்டும் பாத்தவளோ?"

"ஓம். நான் சொல்லச் சொல்லக் கேட்டவள்."

"பயந்தவளோ?"

"இல்லை. அவன் எப்பிடித் துடைச்சவன் எண்டு கேட்டவள்."

தாய் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார். துணிக்குக் கையை நீட்டினார். ஆஸ்பத்திரி விதி அதை விடாது. ஆனாலும் ஒரு சோடி கையுறை கொடுத்து, துணியை நன்றாகப் பிழிந்து கொடுத்தேன். அவர் லொக்கரைத் துடைத்தார், நான் கட்டிலைத் துடைத்தேன். அடிப்பக்கத்தையும் அவர் விடவில்லை.

இந்த வேலையில் நான் கடைசியாகப் படித்தது இதுதான். ஓர் அறை காலியானதும் அவசரப்பட்டு உள்ளே போகாதீர்கள். வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். நின்றால், இன்னொரு துணியும் எடுத்துக்கொண்டு போங்கள்.