மூன்றாவது குடம்: பண்டத்தரிப்பில் பன்னிரண்டு நாள்

அலுமினியப் பாத்திரம் குதிரைக்கொம்பாகிவிட்ட இந்த நாளிலா என் சோற்றுப் பானை ஓட்டையாக வேண்டும்? பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில் ஊரவர்கள் சேர்ந்து நடத்தும் மட்பாண்டக் கூடம் ஒன்று இருக்கிறது, யாரும் போய் வனைந்து பழகலாம் என்று என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் சொன்னார். "வாங்குவானேன், வனைஞ்சே கொண்டு வாறன்" என்று வாய்விட்டு மாட்டிக்கொண்டேன். 1974 சித்திரை விடுமுறையில் பன்னிரண்டு நாள் அதற்கே போயிற்று.

கொக்குவிலில் என் வீட்டிலிருந்து மானிப்பாய்க்குச் சைக்கிளில் இருபத்தைந்து நிமிடம். ஆஸ்பத்திரியடித் தேநீர்க் கடையில் சைக்கிளை விட்டுவிட்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால், ஐந்து மைல், முப்பது சதம், பண்டத்தரிப்புச் சந்தி. அங்கிருந்து பத்து நிமிட நடை. செருப்பு நல்லதாகப் போடாதீர்கள், வழியெல்லாம் செம்புழுதி.

முதல் நாள் பஸ்ஸில் ஏறினால் கால் வைக்க இடமில்லை. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இரண்டு சாக்கு மணலோடு நடுவில் நிற்கிறார். கொண்டக்டர் விடுவாரா?

"அக்கா, மீனை விட்டிட்டு இப்ப மணலோ ஏத்துறியள்?"

"ஓம் தம்பி. மணம் இல்லைத்தானே, சும்மா விடும்."

சும்மா விடவில்லை, சாக்குக்கும் டிக்கெட் கிழித்தார். அந்தப் பெண்தான் திரேசம்மா. குருநகரில் மீன்பிடிக் குடும்பம். தினமும் இரண்டு பஸ் மாறி, நான் போகிற அதே கூடத்துக்குத்தான் ஒரு வருடமாக வருகிறாராம். கூடத்தில் மண்ணோடு கலக்கும் மணல் முடிந்துவிட்டதால் தன் ஊர்க் கரையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

கூடம் என்பது முன்பு புகையிலை உலர்த்திய நீளக் கொட்டில். ஆட்கள் பன்னிரண்டு பேர், சக்கரம் ஐந்தே ஐந்து. எட்டு மணிக்கு மண் மிதிப்பு, பத்துக்குப் பனங்கட்டியோடு பிளேன்ரீ, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விளையாட்டு. விளையாட்டென்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு வனைவது, அல்லது இரண்டு பேர் ஆளுக்கொரு கையால் ஒரே சட்டியைச் சக்கரத்தில் வனைந்து எடுப்பது. தோற்றவர் மறுநாள் எல்லோருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும். கண்கட்டில் நான் வனைந்த பானையைக் கூடத்தை நடத்தும் கந்தையா அண்ணை தூக்கிப் பார்த்தார்.

"ரீச்சர், இது பானையோ தோசைக்கல்லோ?"

நான் நான்கு நாள் தேநீர் ஊற்றினேன்.

ஆனால் ஒரு போட்டி மட்டும் விளையாட்டில்லை. புதிதாக வந்தவருக்குச் சொந்தமாகச் சக்கரம் வேண்டுமானால் ஒரு குடம் வனைய வேண்டும். சூளையிலிருந்து எடுத்து மூன்று நாள் காற்றில் வைத்து, பிறகு நீர் நிரப்பி உறியில் தொங்கவிடுவார்கள். மத்தியானம் வரை கசியாமல் நின்றால் எல்லோரும் அதில் குடிப்பார்கள், சக்கரம் அவருக்கு. மூன்று தரந்தான் வாய்ப்பு. திரேசம்மாவின் முதல் குடம் அடியில் வெடித்தது, இரண்டாவது வாயில். மூன்றாவதும் போனால் ஆயுள் முழுக்க மண் மிதிப்புத்தான்.

"கருவாடு காயப்போடுற கைக்குச் சக்கரம் ஏனெண்டு வீட்டிலை கேக்கினம் ரீச்சர். எனக்குச் சக்கரம் வேணும். அவ்வளவுதான்" என்றார். அவர் கேட்டதில் என்ன பிழை?

அந்த மணலைக் கந்தையா அண்ணை தானே அரித்து மண்ணில் கலந்தார். முதல் இரண்டு நாளில் வனைந்தோம், ஐந்து நாள் உலர்த்தினோம், அடுத்த திங்கள் சூளை வைத்தோம். செவ்வாய் திறந்தபோது எல்லாம் செக்கச்செவேலென்று வந்தன. என் சோற்றுப் பானைகூட நிமிர்ந்து நின்றது!

வியாழன் பின்னேரம், பானைகளை வைத்திருந்த தட்டிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. வெள்ளி காலை போய்ப் பார்த்தால், பானைகள் எல்லாம் அம்மை போட்டதுபோல் பொரிந்து கிடந்தன. ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி.

"சிப்பி" என்று தலையில் கை வைத்தார் கந்தையா அண்ணை. மணலில் கிடந்த சிப்பித் தூள் சூளையில் சுண்ணாம்பாகி, காற்றின் ஈரத்தில் நீறி ஊதியிருக்கிறது. வெற்றிலைக்குச் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிற ஊரில் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை, போங்கள்!

"மணல் நான்தான் கொண்டந்தனான்" என்றார் திரேசம்மா. "எல்லாற்றை பாடும் என்னாலை நாசம்." தன் குடத்தைப் பார்க்கக்கூட இல்லை, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மூலையில் இருந்த குடத்தை நான்தான் எடுத்துப் பார்த்தேன். ஒரு பொரிவு இல்லை. "திரேசம்மா, நில்லுங்கோ!" என்று கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நீர் நிரப்பித் தொங்கவிட்டோம். அன்று யாரும் மண் மிதிக்கவில்லை. திரேசம்மா செபமாலையைப் பிடித்தபடி கீழே இருந்தார். பன்னிரண்டு மணிக்கு அடியைத் தடவிப் பார்த்த கந்தையா அண்ணை ஒரு பேணியில் வார்த்து முதலில் தானே குடித்தார்.

"பிள்ளை, உன்ரை மண்ணிலை என்ன போட்டனி?"

திரேசம்மா தலை குனிந்தார். "கடல்தண்ணி, அண்ணை. புது வலையைக் கடலிலை நனைக்காமல் எங்கடை ஐயா தொடமாட்டார். அதுதான் ஒரு போத்தல் கொண்டந்து என்ரை மண்ணை மட்டும் குழைச்சனான். கள்ளமெண்டால் எனக்குச் சக்கரம் வேண்டாம்."

"உப்புத்தான் சிப்பியை ஊதவிடாமல் காப்பாத்தியிருக்குது" என்றார் அண்ணை மெதுவாக. "எந்தத் தண்ணியெண்டு இஞ்சை விதி இல்லை. சன்னலடிச் சக்கரம் உன்ரை. மணலுக்குத் தண்டனை, ஒரு மாசம் தேத்தண்ணி."

திரேசம்மா அழுதுகொண்டே அடுப்பு மூட்டப் போனார். அன்றைய தேநீரில் சாயம் கூடிவிட்டது, யாரும் குறை சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பன்னிரண்டு நாளாவது ஒதுக்குங்கள், பழைய சேலை உடுத்துங்கள், கண்கட்டுப் போட்டியில் சேராதீர்கள். சோற்றுப் பானை இன்னும் எனக்கு இல்லை, பொரிந்ததில் செவ்வந்தி நட்டிருக்கிறேன். கடற்கரை மணல் மட்டும் கொண்டு போகவே வேண்டாம். கொண்டு போனால், கடல்தண்ணீரையும் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோருடைய மண்ணுக்கும் போதுமான அளவு.