மனைவிக்கு நன்றி சொல்லக் கூடாது

எங்கள் சேவைச் சங்கத்துக்குப் பேனர் கட்டாமல் இரக்கம் வராது. பன்றிக் காய்ச்சல் புதுச்சேரிக்குள் வந்த வருஷம் பேருந்து நிலையத்தில் மாஸ்க் கொடுத்தோம். வாங்கியவர் அதை மாட்டுவதற்குள் போட்டோவுக்குத் திருப்பி நிறுத்தினோம். இப்படிப்பட்ட இடத்தில் நானும் பல வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தேன் என்றால், மாதக் கூட்டத்தின் முடிவில் வரும் நன்றி நேரம்தான் காரணம்.

ஞாயிறு காலையில் நெல்லித்தோப்பில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூடுவோம். ஒவ்வொருவரும் எழுந்து, அந்த மாதம் தனக்கு நல்லது செய்த ஒருவருக்கு மைக்கில் நன்றி சொல்ல வேண்டும். பாதிப் பேர் தலைவருக்கு ஐஸ் வைப்பார்கள். என் பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும் மாதம் தவறாமல் தன் மனைவிக்குத்தான் சொல்வார். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் வாளிக்குக் கைப்பிடி செய்கிற சின்னப் பட்டறை அவருடையது. சட்டைக்குப் பித்தான் தைத்ததற்கு நன்றி, வஞ்சிரத்தில் நடுத்துண்டை எனக்கு வைத்ததற்கு நன்றி என்பார். சபை விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒரு மாதம் அவர் எழுந்ததுமே தலைவர் மேஜை மணியைத் தட்டினார்.

“இனிமே யாரும் சொந்தப் பொண்டாட்டிக்கு நன்றி சொல்லக் கூடாது. சங்கத்துக்குப் புது விதி. சரின்றவங்க கை தூக்குங்கப்பா.”

சிரித்துக்கொண்டே எல்லாரும் கை தூக்கினோம். அவரும் சிரித்தார். கொஞ்சம் யோசித்து, மண்டபத்து வாட்ச்மேனுக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வாரமே அவர் மனைவிக்கும் அந்தப் பன்றிக் காய்ச்சல் கண்டது. மூச்சு வாங்கவும் ஆஸ்பத்திரியில் தனி வார்டில் சேர்த்தார்கள். உள்ளே யாரையும் விடவில்லை. நான் பிளாஸ்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது அவர் வராந்தா பெஞ்சில் மாற்றுப்புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அவகிட்ட ஒண்ணு சொல்லணும்ண்ணே. போன கூட்டத்துல சொல்றதுக்கு வெச்சிருந்தது.”

“வீட்லயே சொல்லியிருக்கலாமேப்பா.”

“நேருக்கு நேரா எனக்கு வராதுண்ணே. மைக்ல சொல்லிட்டுப் போவேன். கதவத் தொறக்கும்போதே, இன்னிக்கு என்ன சொன்னீங்கன்னு கேப்பா. இன்னது சொன்னேன்னு சொல்லுவேன். இத்தன வருஷமும் அப்பிடித்தான் ஓடிச்சி. அன்னிக்கும் கேட்டா. வாட்ச்மேனுக்குச் சொன்னேன்னேன். சரின்னுட்டு சோறு போட்டா.”

எனக்குத் தலைவர் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. விளையாட்டுக்குத்தான் செய்தார், ஆனால் விளையாட வேறு இடம் கிடைக்கவில்லையா அந்த மனுஷனுக்கு.

கதவருகே நின்றாவது ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று அவர் நர்ஸைக் கேட்டார். காய்ச்சல் இறங்கட்டும் சார், நாளைக்கு டாக்டரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள் அந்தப் பெண், தன்மையாகத்தான். மறுநாள் விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

சுடுகாட்டுக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அக்கம்பக்கத்தில் அவர் வீட்டுப் பக்கம் இருந்த ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் ஆட்களும் முதல் நாள் வாசல் கேட்டுக்கு வெளியே மாஸ்க்கோடு நின்றுவிட்டு, சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது வசதியாகப் போக, அப்படியே நழுவினார்கள். பேனர் இல்லை, போட்டோ இல்லை. அதன் பிறகு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள்தான். முறை வைத்து டிபன் கேரியர் கொண்டுபோனார்கள். என் மனைவி அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். அவர்களைப் பார்த்துத்தான் நாங்களும் ஒவ்வொருவராக உள்ளே போகப் பழகினோம். தலைவர் கடைசியாக வந்தார். வந்தவர் திரும்பிப் போக மனசில்லாமல் சாயங்காலம்வரை இருந்தார்.

நோய் பயம் தணிந்து மறுபடி கூட்டம் போட்டபோது பட்டறைக்காரரும் வந்தார். நன்றி நேரத்தில் எழுந்து மைக்கை வாங்கினார்.

“தலைவரே, அந்த விதி இன்னும் இருக்குதா?”

தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இல்லப்பா. நீ சொல்லு.”

“அன்னிக்கு வெச்சிருந்தத சொல்லிடறேன். சங்கத்து பேட்ஜ வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன். அவ வெயில்ல நடந்தே எடுத்தாந்தா. இதே படிக்கட்டுல நின்னு குடுத்துட்டு, உள்ள பெரியவங்க இருக்காங்கன்னு திரும்பிட்டா. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போன்னுகூட நான் சொல்லல. அதுக்குத்தான் நன்றி.”

யாரும் கை தட்டவில்லை. சிலர் அழுதார்கள். நானும் அழுதேன்.

கூட்டம் முடிந்ததும் அவரை என் வண்டியில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். சாவியைப் பூட்டில் நுழைத்தவர் திருப்பாமல் நின்றார். உள்ளே சத்தமே இல்லை. அவர் எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான்தான் கேட்டேன்.

“இன்னிக்கு என்னப்பா சொன்ன?”

அவர் கதவைப் பார்த்தபடியே, பேட்ஜை மறந்துவிட்டு வந்ததிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார்.