நோக்வேஸியின் பிள்ளை எடுத்த மண்வாரி

நோக்வேஸி பெற்றது ஒன்றே ஒன்று, லுவாண்ட்லே. பெண்ணாய்ப் பிறந்ததுதான். ஆனால் நடை பழகிய நாளிலிருந்து பாவாடைக்கும் அடங்கவில்லை, பையன்களோடும் ஒட்டவில்லை. "நான் அவளும் இல்லம்மா, அவனும் இல்ல" என்று வளர்ந்தபின் ஒருநாள் சொன்னது. "சரி, சோளச்சோறு ஆறுது, தின்னு" என்றாள் தாய். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஊர் அப்படி விடுமா? பிள்ளை உம்தாதா பட்டணத்துக்குப் போய், வேன் நிற்குமிடத்தில் தலை பின்னிப் பிழைத்தது. தன்னைப் போன்றவர்களோடு ஒரே அறையில் கிடந்தது. யார் என்ன சொன்னாலும் சரி, அதுவும் குடும்பந்தான்.

தாய் செத்த செய்தி கேட்டதும், அறைத்தோழி ஸோலாவோடு ஓடிவந்தது. உள்ளே துக்கம் காக்கத் தரையில் மெத்தை போட்டு, போர்வை போர்த்திப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"கால்சட்டையோட இந்த மெத்தையத் தொடாத. பாவாடை கட்டிக்கிட்டு வா," என்றாள் அத்தை நொசிசா.

"வேசம் கட்டிக்கிட்டு எங்கம்மாவுக்கு அழ மாட்டேன் அத்தை."

மாட்டுப்பட்டிப் பக்கம் ஆண்கள் நின்றார்கள், பிள்ளை அங்கே போனது. சித்தப்பா டுமிலே சிரித்தார். "கால்சட்டை போட்டா ஆம்பளையா? அப்ப என் கழுதைக்கும் ஒண்ணு தச்சுப் போடுறேன். மலைக்குப் போயி நுனித்தோல்ல கத்திபட்டு ஆம்பளையாகி வந்தவன்தான் குழிக்கு மண்ணு தள்ளணும், தெரியும்ல?"

அங்கேயும் இடமில்லை, இங்கேயும் இடமில்லை. பெற்றவள்மேல் மண் போடாமல் திரும்பினால் இந்த உயிர் எதற்கு என்றிருந்தது பிள்ளைக்கு.

சவப்பெட்டி குழிக்குள் இறங்கியது. ஆண்கள் மாற்றி மாற்றி மண் தள்ளினார்கள். குழிக்கரையில் மண்வாரியைக் கைக்குக் கை வாங்க மாட்டார்கள். வாங்கினால் சாவையே வாங்கியதாகும். ஒருவன் கீழே போட வேண்டும், அடுத்தவன் எடுக்க வேண்டும். ஒருவன் வேர்வை துடைக்கப் போட்டதுதான் தாமதம், லுவாண்ட்லே பாய்ந்து எடுத்தது.

"கீழ போடு சனியனே!" என்று அலறினார் சித்தப்பா.

"பிடுங்கிக்குங்க சித்தப்பா. கை இருக்குல்ல?"

பிடுங்க எவனுக்குத் துணிவு வரும்? மற்றவர்களும் தங்கள் மண்வாரிகளைப் போட்டுவிட்டு விலகி நின்று ஏசினார்கள். பிள்ளை நிறுத்தவில்லை. கீழே வைத்தால் மறுபடி தொட விடமாட்டார்கள் என்று அதற்குத் தெரியும். உள்ளங்கை உரிந்து கைப்பிடி சிவந்தது.

"போதும் செல்லம், செத்துப்போயிடுவ!" என்று வேலியோரம் நின்று கத்தினாள் ஸோலா.

"அம்மா இன்னும் முழுசா மூடல ஸோலா!"

மேடு எழும்பிய பிறகுதான் கீழே வைத்தது.

குழிக்குப் போய்வந்தவர்கள் வீட்டு வாசலில் கை கழுவித்தான் உள்ளே நுழைய வேண்டும். பிள்ளை வருவதைக் கண்டதும் அத்தை வாளியைக் காலால் கவிழ்த்தாள். "உனக்கு இனி இங்க வீடு இல்ல."

லுவாண்ட்லே வேலிக்கு வெளியே போய்க் குந்தியது. உள்ளே சாவு விருந்துக்கு இறைச்சி பரிமாறும் சத்தம் கேட்டது. ஸோலா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் கைகளைப் பிடித்தாள். பிள்ளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"வேணாம் ஸோலா. கழுவிட்டா உள்ள போகணும்னு ஆச வந்துரும்."