நடுவில் போட்ட கோடு

பல்லுக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர் பல் மருத்துவர் இல்லை. மருத்துவர்களுக்குப் பல் செய்து கொடுப்பவர். நோயாளியின் வாயில் எடுத்த அச்சு ஒரு சின்னப் பெட்டியில் வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றிக் காயவைத்து, ஈறும் பல்லுமாக ஒரு வெள்ளை வாயை மேசைமேல் வைத்துக்கொண்டு, இல்லாத பல்லை மெழுகில் செதுக்குவார். பள்ளியோடு படிப்பு நின்றுபோனவர். பிளாஸ்டர் குழைக்கச் சேர்ந்த இடத்தில், அடுத்த மேசைக்காரரின் விரல்களைப் பார்த்துப் பார்த்தே தொழில் பழகியவர். இன்றைக்கு மூன்று மருத்துவர்கள் அவரைத் தவிர வேறு யாரிடமும் அச்சை அனுப்புவதில்லை.

"இல்லாத பல்லு எப்படி இருந்திருக்கும்னு ரெண்டு பக்கத்துப் பல்லும் சொல்லிடும். நாம காது கொடுத்தா போதும்" என்பார்.

அவருடைய இன்னொரு வேலைக்குச் சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் இணைய வரைபடம் ஒன்றில், ஊருக்கு வெளியே இருக்கும் பாதைகளை அவர் வரைந்துகொண்டிருந்தார். மச்சினன் ஒருநாள் கைபேசியில் அதைத் திறந்து, "பாருங்க மாமா, நம்ம தெருவையே காணோம்" என்று சிரித்ததில் தொடங்கியது. அன்றே தெருவைப் போட்டார். பிறகு பக்கத்துச் சந்துகள், குழாயடி, வாய்க்கால் பாலம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மெழுகு ஆறும் நேரத்தில் மடிக்கணினியைத் திறந்துவிடுவார். மேலிருந்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, குன்றுகளின் மேல் நூல்போல ஓடும் மண்பாதைகளை ஒவ்வொன்றாகக் கோடாக்குவார். அவர் மண்பாதையில் சைக்கிள் மிதித்ததே இல்லை. முட்டி வலி. வேலைக்குப் போகவர ஒரு பழைய சைக்கிள், அதுவும் தார்ச்சாலையில் மட்டும்.

மிதிப்பவன் மச்சினன். தடித்த டயர் போட்ட சைக்கிளில் ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் குன்றுப்பக்கம் கிளம்பும். எந்த வழி என்று முடிவு செய்வது அவன்தான். மாமா வரைபடத்தில் ஏதோ செய்கிறார் என்பது அவனுக்குத் தெரியும். வீட்டு எண், கடைப் பெயர் என்று நினைத்திருந்தான். அந்த மண்பாதைகள் எல்லாம் அவர் கைவேலை என்று தெரியாது. அவரும் சொன்னதில்லை. "யாரோ ஒரு புண்ணியவான் அழகா போட்டு வச்சிருக்கான் மாமா" என்று அவன் சொல்லும்போது, கேட்டும் கேட்காததுபோலச் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பதில் அவருக்கு ஒரு தனிச் சுகம்.

குன்றின் பின்பக்கத்துப் பாதையில்தான் கை பிசகியது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் போய் வந்த தடம் வரைபடத்தில் பதிவாகியிருந்தது. நடுவில் மட்டும் மரக்கூட்டம். மேலிருந்து பார்த்தால் பச்சைதான் தெரியும். இந்தப் பக்கத்துக் கோடு மரங்களுக்குள் நுழைகிற வளைவையும், அந்தப் பக்கத்துக் கோடு வெளியே வருகிற வளைவையும் பார்த்தார். இரண்டு பல்லுக்கு நடுவே ஒரு பல். வளைவு கெடாமல் சேர்த்துவிட்டார். நேரில் பார்க்காததைப் போட்டால் 'உறுதியில்லை' என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்பது அங்கே எழுதுகிறவர்களின் வழக்கம். எழுதவில்லை. வேலை அரைகுறையாகத் தெரியும் என்று தோன்றியது. சைக்கிளுக்கு ஏற்றது என்று மட்டும் போட்டார்.

மரங்களுக்குள்ளே மழைத்தண்ணீர் பாதையை அறுத்து, ஓராள் ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருந்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் அதுவரை வந்துதான் திரும்பியிருந்தார்கள். ஒரு ஞாயிறு அந்தக் கோட்டை நம்பிக் கூட்டம் போனது; முன்னால் போன மச்சினன் பள்ளத்தில் விழுந்தான். முன்பற்கள் இரண்டும் போயின. கைபேசி சுக்குநூறு. பின்னால் வந்த வங்கிக்காரருக்குத் தோள் எலும்பு.

செய்தி வந்தபோது மனைவி அழுதாள். பல்லுக்காரர் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்து அந்தக் கோட்டை அழித்தார். இன்னொருவன் போய் விழக்கூடாது என்ற ஒரே நினைப்பு. அதன் மறுபக்கம் அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

மறுவாரம் மச்சினன் வீங்கிய உதட்டோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான்.

"எவனும் நம்ப மாட்டேங்கிறான்க்கா. நானா ஒரு வழியைக் கற்பனை பண்ணி கூட்டிட்டுப் போனேங்கிறாங்க. புது ஃபோன்ல திறந்து காட்டப் போனேன், அங்க ஒண்ணுமே இல்ல. என் மூஞ்சியப் பாக்கணுமே."

"உன் மூஞ்சியத்தான் பாக்கறேனே, முன்வாசல் திறந்து கிடக்கு" என்றாள் அக்கா. "சின்ன வயசுலேர்ந்து நீ இப்படித்தான். ஜன்னலை உடைச்சா காத்து உடைச்சுதும்ப."

"சத்தியமா இருந்துச்சுக்கா. மாமா, நீங்கதான் அதுல என்னமோ பண்ணுவீங்களே. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

பல்லுக்காரர் கைபேசியை வாங்கினார். குன்றின் பின்பக்கத்தை விரித்தார். அவர் அழித்த இடம் சுத்தமாக இருந்தது.

"இப்ப இல்லையே மாப்ள" என்றார்.

அந்த 'இப்ப' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அதற்குப் பிறகு உண்டு, உறங்கி, வேலை பார்த்தார். பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் மிச்சம். அதுவும் நாளுக்கு நாள் இளைத்தது. மெழுகில் பல் செதுக்கும்போது இரு பக்கத்துப் பல்லையும் நம்பவே பயமாயிருந்தது. பொருந்திய பல்லையும் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். மனைவி கடைக்காரரிடம் தன் தம்பியைப் பற்றி, "வாயைத் திறந்தா புளுகு, இப்ப திறந்தே இருக்கு" என்று சொல்லிச் சிரித்தபோது, அவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவனை ஒதுக்கியது. யாரும் திட்டவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். தடித்த டயர் சைக்கிளைத் துடைத்து மாடிப்படிக்கு அடியில் வைத்தவன், பிறகு அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டுவிட்டான்.

பல்லுக்காகத்தான் மாமாவின் பட்டறைக்கு வந்து சேர்ந்தான். பல்லின் நிறத்தை நேரில் பார்த்துக்கொள்ளட்டும் என்று மருத்துவர் அனுப்பியிருந்தார். ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து, வெவ்வேறு வெள்ளையில் பல் மாதிரிகள் கோத்த பட்டையை எடுத்துக்கொண்டு, "ஆ காட்டு" என்றார். மாதிரியை ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். சற்று மஞ்சள். அடுத்தது. அதைப் பிடித்தபடியே பேசினார்.

"மாப்ள, வாயை மூடாத. மூடினா என்னால சொல்ல முடியாது."

அவன் திறந்த வாயோடு அவரைப் பார்த்தான்.

"அந்தக் கோடு இருந்துச்சு. நான் போட்டது. உள்ள என்ன இருக்குன்னு பாக்காம நடுவுல நானா சேத்துட்டேன். நீ விழுந்த அன்னிக்கே அழிச்சிட்டேன். உன்கிட்ட இல்லையேன்னு சொன்னேன் பாரு, அது தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவன் வாயை மூடினான். பட்டை அவர் கையில் தொங்கியது. 

"அந்தப் புண்ணியவான் நீங்கதானா" என்றான். 'த' வந்த இடமெல்லாம் ஓட்டை வழியாகக் காற்றாகப் போனது. "விழுந்ததுகூடப் பரவால்ல மாமா. அக்கா என்னைப் புளுகன்னு சொல்றப்ப எதிர்ல உக்காந்து ரசம் ஊத்திக்கிட்டீங்களே."

அவர் தலை குனிந்தார்.

"என்கிட்ட சொன்னா ஆச்சா? ஞாயித்துக்கிழமை வாங்க. அவங்க முன்னாடி சொல்லுங்க. அக்காகிட்ட அதுக்கு முன்னாடியே." கொஞ்சம் பொறுத்து, "எந்த நிறம்னு பாருங்க. நான் வேலைக்குப் போகணும்" என்று மறுபடி வாயைத் திறந்தான்.

அன்று மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள். "நான் பேசினதெல்லாம் பேசவிட்டு வேடிக்கை பாத்தீங்களே" என்றாள். அதற்கப்புறம் அவரிடம் பேசவில்லை. தம்பியிடம் தொலைபேசியில் பேசும் சத்தம் அடுத்த அறையிலிருந்து கேட்டது.

ஞாயிறு காலை சைக்கிள் கடை வாசலில் கூட்டம் கூடியிருந்தது. மச்சினன் போர்வையை உருவி எறிந்துவிட்டுச் சைக்கிளோடு வந்திருந்தான்; புதுப் பல் இரண்டும் வாயில் இருந்தன. பல்லுக்காரர் பழைய சைக்கிளைப் பிடித்தபடி எல்லாவற்றையும் சொன்னார். சுருக்கவில்லை, அழித்ததையும் 'இப்ப இல்லையே'யையும் விடவில்லை. கையைத் துணியில் தொங்கவிட்டு, பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்த வங்கிக்காரர் நல்ல கையால் மச்சினனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஸாரிடா. உன்னை நம்பாம ஒதுக்கிட்டோம்."

கூட்டத்தில் மூத்தவரான மருந்துக்கடைக்காரர் பல்லுக்காரர் பக்கம் திரும்பினார். "அது சரிங்க. நாங்க போற பாதை முக்காவாசி நீங்க போட்டதுதானாமே. அதுல எது நீங்க பாத்தது, எது நீங்களா சேத்தது?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இத்தனை வருஷத்துக் கோடுகளும் வரிசையாகக் கண்முன் வந்தன. எத்தனை வளைவை அழகுக்காக வளைத்தார், எத்தனை மரத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு புகுந்தார் என்று அவருக்கே நினைவில்லை.

"எல்லாத்துக்கும் ஞாபகமில்லைங்க" என்றார். "ஒண்ணொண்ணா உறுதியில்லைன்னு எழுதிட்டு வரேன். நேர்ல பாத்தவங்க சொல்லச் சொல்லத்தான் அந்தக் குறிப்பை எடுப்பேன்."

"அது வரைக்கும்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

 வங்கிக்காரர் வழக்கமான குரலில், "எந்த வழிடா இன்னிக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டது மச்சினனை. சிலர் ஏற்கெனவே தலைக்கவசத்தை மாட்டத் தொடங்கியிருந்தார்கள்.

மச்சினன் கைபேசியை எடுத்து, ஏரிக்கரையைச் சுற்றிப் போகும் ஒரு கோட்டைக் காட்டி மாமா முன் நீட்டினான். "இது?"

பல்லுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார்.

"கரை வரைக்கும் நேர்ல பாத்தது. அதுக்கப்புறம் நானா போட்டது."

"அப்ப கரை வரைக்கும் போவோம்" என்றான் மச்சினன். "அதுக்கப்புறம் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போய்ப் பாக்கலாம். நீங்களும் வாங்க மாமா. முன்னால நீங்க."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.