மெதுவா சாரும் நடுப்பட்டையும்

உள்ளறையிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "அப்பா மாத்திரை போட்டாரான்னு கேளேன்" என்கிறார் மெதுவா சார். கூடத்தில் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருக்கும் மனைவி முன்னறைப் பக்கம் திரும்பிக் கேட்கிறாள். "போட்டாச்சுன்னு அவன்கிட்ட சொல்லும்மா" என்கிறார் மாமனார். அவள் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்கிறாள். அப்பனுக்கும் பிள்ளைக்கும் பகை ஒன்றும் இல்லை. நேரில் பேசினால் இருவருக்கும் சத்தம் ஏறிவிடும், அவ்வளவுதான். அப்பாவின் இதயம் தகராறு செய்யத் தொடங்கியதிலிருந்து இந்த ஏற்பாடு.

'மெதுவா சார்' என்பது ஆய்வுக்கூடத்தில் இவருக்கு வைத்த பெயர். உடம்பில் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பட்டைகள் செய்கிறார். நாடித்துடிப்பையும் மூச்சையும் அவை கம்பியில்லாமல் இடுப்பிலுள்ள பெட்டிக்குச் சொல்ல வேண்டும். மார்பிலிருந்து இடுப்புக்கு நேராகக் கத்தினால் பேட்டரி காலி. போதாக்குறைக்கு நம் உடம்பே சுவர் மாதிரி மறிக்கும். ஆகவே மார்புப் பட்டையும் மணிக்கட்டுப் பட்டையும் விலாப் பட்டையிடம் கிசுகிசுக்கும், விலா பெட்டியிடம். "கத்துறவன் சீக்கிரம் போயிடுவான் சார்" என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் ஓதுவார். ஓதும்போதே குரல் அமுங்கிவிடும்; எதிரில் நிற்பவர் "ஆங்?" என்று காதை நீட்ட வேண்டும். எதையும் முதலில் தன் மேல்தான் ஒட்டிப் பார்ப்பார். ஒட்டிக்கொண்டு குனிவார், கையைக் கட்டுவார், கூடத்தில் குப்புற விழுந்து கிடப்பார். "யாராவது வந்தா என்ன நினைப்பாங்க?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த வாரம் பட்டைகள் அப்பாவின் உடம்பில். ஒரு வாரத்துத் துடிப்பு இடைவிடாமல் வந்தால்தான் அறுவை சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல முடியும் என்றுவிட்டார் டாக்டர். நடுவில் அறுந்தால் முதலிலிருந்து. "இன்னொரு வாரம்னா பிச்சு எறிஞ்சிடுவேன்னு சொல்லும்மா" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

இன்று பார்த்தால் விலாப் பட்டை மட்டும் சார்ஜ் தீர்ந்து சாகக் கிடக்கிறது. மற்றவையெல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கின்றன. மெதுவா சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மொத்தப் பேட்டரிச் செலவு இவ்வளவு கம்மி! இதைவிடச் சிக்கனமான வழியே கிடையாது!" என்று கணினியிடம் வழக்காடினார். பிறகு பழக்க தோஷத்தில் தலையை நீட்டி, "அப்பாகிட்ட அசையாம படுக்கச் சொல்லேன்" என்றார்.

மனைவி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"சொல்ல மாட்டேன். காலையிலேர்ந்து மாடிப்படியை மூணு தடவை தப்பா வரைஞ்சிட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஜம்முனு சிக்கனமா இருக்கீங்க. நடுவுல இருக்கறவதான் தீர்ந்து போறா. இன்னைக்கு நான் லீவு."

அவர் கணினித் திரையைத் திரும்பிப் பார்த்தார். மார்பின் பேச்சு, மணிக்கட்டின் பேச்சு, எல்லாம் அந்த ஒரு விலாவின் தலையில்! மொத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்த மனுஷன், யார் தலையில் விழுகிறது என்று பார்க்கவே இல்லை. சும்மா சொல்லக் கூடாது, புரிந்த பிறகு விரல்கள் பறந்தன. இனி ஒவ்வொரு பட்டையும் தன்னிடம் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பதையும் சேர்த்துச் சொல்லும். களைத்ததை விட்டுவிட்டு மற்றவை வேறு வழி பார்க்கும். அந்த வேறு வழிக்கு, அடுத்த விலாவில் புதுப் பட்டை ஒன்று உடனே ஒட்டியாக வேண்டும்.

ஒட்டுவது யார்? மனைவியைப் பார்த்தார். அவள் மாடிப்படியை அழித்துக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

போனார். நேராக முன்னறைக்கே போனார்.

"என்னடா, நீயே வந்துட்ட?" அப்பாவின் குரல் ஏறத் தயாராக இருந்தது.

"அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்கப்பா. இன்னொன்னு ஒட்டணும்."

"இன்னொன்னா? இது வேலை செய்யுமா?"

"செய்யணும்ப்பா. பயமாத்தான் இருக்கு."

அப்பா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு திரும்பிப் படுத்து, சட்டையைத் தூக்கிக்கொண்டார்.

"என்ன நிக்கிற? ஒட்டு."

"இருங்கப்பா, ஜில்லுனு இருக்கும்."

மெதுவா சார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துப் பொத்தி, வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டே இருந்தார்.